சர்பத் பாட்டிலில் ஆறு ஜின்

ஜாவாவின் கராங்சாரி ஊரில் அந்த வாரம் ஜின் பிடிக்கும் சீசன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி விடிந்ததிலிருந்து கூவியது. "ஓதிப் பார்ப்பதில் மன்னர், ஜின்களின் சிம்ம சொப்பனம், உஸ்தாத் பத்ருடின் அவர்கள் நம் தெருவுக்கு வருகிறார்கள். இதய நோய் உள்ளவர்கள் முன்வரிசையில் உட்கார வேண்டாம்." அதைக் கேட்டதும் இதய நோய் உள்ளவர்கள்தான் முதலில் வந்து முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். தெரு மண்டபத்தின் முன்னால் இடம் போதாமல் மோட்டார் சைக்கிள்கள் வயலுக்குள் இறங்கி நின்றன. பாக்ஸோ வண்டிக்காரர் இரண்டாவது பானையிலும் இறைச்சி உருண்டைகளைப் போட்டார். ஜின்னைப் பார்க்க வந்தவர்களுக்கும் பசிக்குமல்லவா.

உஸ்தாத் பத்ருடின் முன்பு பக்கத்து மாவட்டத்தில் பழைய மோட்டார் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தவர். அப்போதும் கண்ணுக்குத் தெரியாத குணங்களைச் சொல்லித்தான் விற்றார். ஆனால் அதில் ஒரு சங்கடம். வண்டி ஓடவில்லை என்றால் வாங்கியவன் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பான். ஜின் வியாபாரத்தில் அந்தத் தொல்லை கிடையாது. பிடித்துக் கொடுத்த ஜின் சரியாக வேலை செய்யவில்லை என்று யார் வந்து சண்டை போடுவது?

அவர் பேச்சை ஆரம்பிக்கும் அழகே தனி.

"பேய், பிசாசுன்னு நம்புறது பெரிய பாவம். மூட நம்பிக்கை. நம்ம மார்க்கத்துல அதுக்கு இடமே இல்ல."

கூட்டம் தலையாட்டியது. உஸ்தாத் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"மரத்துல உக்காந்து சிரிக்குதுன்னு சொல்றீங்களே, குந்திலானாக், அது பேய் இல்ல. ஜின். பொணத்துக்குச் சுத்துன கபன் துணியோட குதிச்சுக் குதிச்சு வருதுன்னு சொல்றீங்களே, போச்சோங், அதுவும் ஜின்தான்."

அவ்வளவுதான். ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பயந்துகொண்டிருந்த அத்தனை பேய்களும் ஒரே நிமிடத்தில் மார்க்கத்துக்குள் வந்துவிட்டன. பழைய மந்திரவாதி கறுப்புக் கோழி கேட்டான். இவர் கவர் கேட்டார். வட்டாரத்து ஆலிம்கள் கூடி இதைப் பற்றி ஒரு தீர்ப்பும் சொல்லியிருந்தார்கள்: ஜின் ஓட்டக் கட்டணம் வாங்குவது கூடாது, அன்பளிப்பு வாங்கினால் தவறில்லை. அன்றிலிருந்து கட்டணத்துக்கு அன்பளிப்பு என்று பெயர். தொகை மட்டும் மாறவில்லை.

கராங்சாரிக்கு அப்படி என்ன குறை? பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைக் கொடியேற்றத்தின்போது வெறும் வயிற்றோடு வெயிலில் நின்ற பெண்பிள்ளைகள் மயங்கி விழுந்து அலறினார்கள். டோஃபு பட்டறையில், முதலாளி மலிவான காடியாகப் பார்த்து வாங்கியதிலிருந்து சோயாப் பால் உறையவில்லை. தெருத் தலைவர் பாக் ரிஸ்மனின், அதாவது ரிஸ்மன் ஐயாவின், மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றுக்கும் காரணம் ஜின் என்று பாக் ரிஸ்மன் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு, வீட்டுக்கொரு கண்ணாடி பாட்டில் கொண்டு வரவேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

பாட்டிலுக்கா பஞ்சம்? பெருநாளுக்கு வாங்கிய சர்பத் பாட்டிலைத் தூக்கிப் போட்ட வீடு ஜாவாவில் உண்டா? எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். சுவார்சி மட்டும் ஆறு கொடுத்தாள். அவளிடம்தான் நிறைய இருந்தன. அவள் ஜாமு என்னும் மூலிகைச் சாறு விற்பவள். அரிசியும் கச்சோலக் கிழங்கும் இடித்துப் பிழிந்த சாறு, மஞ்சளும் புளியும் காய்ச்சிய சாறு, எல்லாவற்றையும் பாட்டில்களில் ஊற்றி, கூடையில் அடுக்கி, துணியால் முதுகில் கட்டிக்கொண்டு காலையில் தெருத் தெருவாகப் போவாள். கடல் தாண்டிக் கலிமந்தான் தோட்டத்துக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டான். அவளுக்கென்று இருந்தது அந்தக் கூடையும், அம்மா விட்டுப்போன வீடும், அவள் சாற்றுக்காகக் காத்திருக்கும் தெருவும்தான்.

சுவார்சி ஒன்றும் பெரிய நாத்திகி இல்லை. ஆற்றோரத்து ஆலமரத்தைத் தாண்டும்போது "வழி விடுங்க தாத்தா" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் நடப்பாள். மரத்தில் யார் தாத்தா என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேட்டை தொடங்கியது. உஸ்தாத்துக்கு ஒரு உதவியாள், பெயர் கோஃபூர். ஜின்னுக்குச் சொந்தமாக வாய் இல்லை என்பதால் தன் வாயை இரவல் கொடுப்பது அவன் உத்தியோகம். உஸ்தாத் ஓத, கோஃபூர் உறும, கை ஆட, பாட்டில் வாயில் வெள்ளைத் துணி விழ, கறுப்பு நூல் இறுக, முடிந்தது ஒரு ஜின்.

"தொட்டுப் பாருங்க. சுடுதா?"

"சுடுது உஸ்தாத்," என்றார் முன்வரிசைப் பெரியவர், கையை உதறிக்கொண்டு.

"அது ஜின்னோட கோவம்."

காலையிலிருந்து உஸ்தாத்தின் காருக்குள், முன்கண்ணாடியை ஒட்டி வெயிலில் கிடந்த பாட்டில் சுடாமல் என்ன செய்யும்? கார் எல்லோர் கண்ணெதிரிலும்தான் நின்றது. ஆனால் எல்லோர் கண்ணும் கோஃபூரின் வாயில் இருந்தது.

ஆறு பாட்டில், ஆறு ஜின். ஆறாவது ஜின் படைத் தளபதியாம், வயது எழுநூறாம். பாட்டில்களை மண்டபத்துச் சமையலறை அலமாரியில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு லாரியில் ஏற்றித் தெற்குக் கடலில் வீசுவதாக ஏற்பாடு. தெற்குக் கடலில் ஒரு ராணி இருப்பதாக நம்புவது பெரும் பாவம் என்று உஸ்தாத் எச்சரித்தார். ஜின்களை வீசுவதற்கு வடக்குக் கடல் ஏன் ஆகாது, அதுதானே பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மண்டபத்துச் சமையலறையைப் பார்த்துக்கொள்பவள் ஜுமிரா. சுவார்சியின் பக்கத்து வீட்டுக்காரி. அண்ணன் பேரனின் சுன்னத்து விருந்துக்கு மலையூருக்குப் போயிருந்தவள், திங்கட்கிழமை காலையில்தான் திரும்பினாள். பெண்களின் ஓதல் கூட்டத்துக்குத் தேநீர் போட அடுக்களைக்குள் நுழைந்தால், அலமாரியில் ஆறு பாட்டில், வாயில் கந்தல் துணி.

"ரெண்டு நாள் நான் இல்லன்னா அடுக்களைய அடுக்களையா வச்சிருக்காளுவளா பாரு," என்று திட்டிக்கொண்டே நூலை அறுத்தாள். துணியை எறிந்தாள். சோப்பு போட்டு, தென்னை நாரை உள்ளே விட்டு, எழுநூறு வயதுத் தளபதி உட்பட அத்தனை பேரையும் தேய்த்துக் கழுவி, இத்தனை சர்பத் பாட்டில் சுவார்சியிடம்தான் இருக்கும் என்று சாயங்காலம் அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"இந்தாடி, ஒன் பாட்டிலு. கழுவிட்டேன்."

"மிஞ்சிப்போச்சாக்கும். நல்லதாப் போச்சுக்கா, நாளைக்குப் பாட்டில் பத்தலையேன்னு இருந்தேன்."

அந்த ஆறு பாட்டில்களில் கச்சோலச் சாறு ஏற, செவ்வாய்க்கிழமை சுவார்சியின் கூடை நிறைந்து போனது, காலியாகத் திரும்பியது. பள்ளிவாசல் இமாம் பாக் சர்காவி வழக்கம்போல ஒரு கிளாஸ் மஞ்சள் சாறு குடித்தார். பாக் ரிஸ்மன் வீட்டுத் தாழ்வாரத்தில் உஸ்தாத் பத்ருடின் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் ஓதியதில் தொண்டை கட்டியிருந்தது.

"கச்சோலம் இருக்காம்மா?"

சுவார்சி ஊற்றிக் கொடுத்தாள். கண்ணை மூடிக் குடித்தார்.

"அடடா. தொண்டை அப்படியே தொறந்துபோச்சு. இன்னொரு கிளாஸ் ஊத்து."

இரண்டாவது கிளாஸையும் முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்கு நல்ல ஓட்டம் இருக்கு. நான் ஓதின தண்ணி தர்றேன். ஒரு பக்கம் ஒன் சரக்கு, ஒரு பக்கம் என் தண்ணி. எல்லா நோய்க்கும் கேக்கும்னு சொல்லு. ஒனக்கும் ஒரு பங்கு."

"தண்ணியத் தண்ணின்னு சொல்லித்தான் உஸ்தாத் எனக்கு விக்கத் தெரியும். அதை எவனும் காசு குடுத்து வாங்க மாட்டான்."

உஸ்தாத் சிரித்தார். அந்தச் சிரிப்பு சுவார்சிக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததன் காரணம் புதன்கிழமை தெரிந்தது. டோஃபு பட்டறையில் மிச்சமிருக்கும் ஜின்னைப் பிடிக்க உஸ்தாத் மறுபடி மேடையேறினார். கோஃபூர் தரையில் புரண்டான்.

"சொல்லு, ஒன்ன அனுப்புனது யாரு?"

"முதுகுல... முதுகுல பாட்டில் சுமக்கிறவ..."

கூட்டம் மொத்தமும் திரும்பிச் சுவார்சியைப் பார்த்தது.

"அவ இந்த ஊரில இருக்கிற வரைக்கும் நான் வெளிய வர மாட்டேன்," என்று முடித்துவிட்டுக் கோஃபூர் மயங்கினான். மயங்குவதற்கு முன்னால் தலைக்கு அடியில் கையை வைத்துக்கொள்ள மறக்கவில்லை.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றாள் தினமும் இரண்டு கிளாஸ் குடிக்கும் ஒருத்தி. "மந்திரம் இல்லாம ஜாமு இவ்ளோ ருசி வருமா?"

"தனியா இருக்கா. எப்பிடிச் சமாளிக்கிறான்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள் இன்னொருத்தி.

சுவார்சி எழுந்து நின்றாள். "பாக், நீங்க சின்ன வயசுலேர்ந்து என்னப் பாக்குறீங்க. சொல்லுங்க," என்று இமாமைப் பார்த்தாள். பாக் சர்காவி தஸ்பீஹ் மணியை உருட்டினார். ஜின் வேதத்தில் இருக்கிறது, அதனால் இல்லை என்று சொல்ல முடியாது. பாட்டில் வேதத்தில் இல்லை, அதனால் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஆகவே அவர் வாயைத் திறக்கவில்லை. நல்லவர்கள் ஊமையாக இருக்கும் இடத்தில்தான் கோஃபூர்களின் வாய்க்கு நல்ல விலை.

"வெள்ளிக்கிழமை தொழுக முடிஞ்சு முடிவு சொல்றோம்," என்றார் பாக் ரிஸ்மன். என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும்.

வியாழக்கிழமை சுவார்சி கூடையைக் கட்டிக்கொண்டு போனாள். கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு தாய் பிள்ளையின் கண்ணைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒரு துளிகூட விற்காமல் திரும்பிவந்து, சாற்றை எல்லாம் வாழை மரத்தடியில் கொட்டினாள். கொட்டும்போது அழுகை வந்தது. அதைவிடக் கொடுமை, அவளுக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே என் முதுகில் ஏதாவது ஏறி உட்கார்ந்திருக்கிறதோ? முதுகை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அப்போது ஜுமிரா பின்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சுவார்சி, நான் செத்தேன்டி. கோஃபூர் வந்து, நாளைக்கு லாரி வருது, அலமாரியில ஜின் பாட்டிலெல்லாம் பத்திரமா இருக்கான்னு கேக்குறான். எந்த பாட்டில்னு கேட்டேன். வெள்ளத்துணி கட்டுன ஆறு பாட்டில்ங்கிறான்."

"அதுக்கு என்னக்கா?"

"அதத்தாண்டி நான் கழுவி ஒன்கிட்ட குடுத்தேன்."

இருவரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். வடிதட்டில் ஆறு பாட்டில்கள் தலைகீழாக நின்றன. ஜுமிரா சுவார்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் ஓதினாள். சுவார்சி ஓதவில்லை. யோசித்தாள்.

"அக்கா, தொறந்தப்ப என்ன வந்துச்சு?"

"புளிச்ச சர்பத் வாடதான் வந்துச்சு."

"ஒன் கைக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"சோப்புல கொஞ்சம் வறண்டுபோச்சு."

"செவ்வாக்கெழம தெருவே இதுலதான் குடிச்சுச்சு. எவனுக்காச்சும் வயித்தாலயாவது போச்சா?"

ஜுமிரா யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

"உஸ்தாத்து ரெண்டு கிளாஸ் குடிச்சாருக்கா. அவரு புடிச்ச ஜின்னு, அவரு கட்டுன பாட்டிலு, அவரு கையிலயே குடுத்தேன். சுடுதுன்னு சொல்லல. உறுமுதுன்னு சொல்லல. தொண்ட தொறந்துபோச்சுன்னு சொல்லி இன்னொரு கிளாஸ் கேட்டாரு."

முதலில் ஜுமிராதான் சிரித்தாள். அப்புறம் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது சுவார்சியின் பயம் போயிருந்தது. அந்த இடத்தில் நல்ல கோபம் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒன் வீட்ல சர்பத் பாட்டில் எத்தன இருக்குக்கா?"

"காடி ஊத்தி வச்சது, சோயா ஊத்தி வச்சதுன்னு நெறையக் கெடக்கு."

"ஆறு எடு. வெள்ளத்துணி என்கிட்ட இருக்கு."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மண்டபம் வழிந்தது. ஜின்களைக் கடலுக்கு வழியனுப்ப லாரி காகிதக் கொடிகளோடு காத்திருந்தது. மேடை மேல் மேசை, மேசை மேல் வெள்ளைத்துணி கட்டிய ஆறு பாட்டில்கள். உஸ்தாத் ஒன்றைத் தூக்கிக் காதில் வைத்தார்.

"தளபதி. அஞ்சு நாளாகியும் திமிரு அடங்கல. உறுமுறான்."

கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. பாக் ரிஸ்மன் தொண்டையைச் செருமினார். "சுவார்சி, ஊரு நன்மைக்காகச் சொல்றோம். அடுத்த வெள்ளிக்குள்ள வீட்டக் காலி பண்ணிரு."

கூடையை முதுகில் கட்டியபடியே சுவார்சி முன்னால் வந்தாள்.

"போறேன் பாக். ஒரே ஒரு ஆசை. என் கூடையில ஆறு காலி பாட்டில் இருக்கு. அதுக்கும் வெள்ளத்துணி கட்டி, இந்த ஆறோட கலந்து வைங்க. எதுல ஜின் இருக்கு, எதுல இல்லன்னு உஸ்தாத்து சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டா அடுத்த வெள்ளி வரைக்கும் வேணாம், இன்னைக்கே போயிர்றேன்."

"ஜின் வெளையாட்டுப் பொருள் இல்லம்மா," என்றார் உஸ்தாத், கொஞ்சம் அவசரமாக.

அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் அவருடைய பக்தர்கள். அவர்கள்தான் குழி வெட்டினார்கள்.

"காட்டுங்க உஸ்தாத். கண்ணக் கட்டிக்கிட்டே சொல்லுவீங்க நீங்க."

"அவளுக்கு ஒரு பாடம் கத்துக் குடுங்க."

"யாரு கலக்குறது?" என்றார் பாக் ரிஸ்மன்.

இமாம் பாக் சர்காவி எழுந்தார். அந்த வாரத்தில் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "சோதிச்சுப் பாக்குறத மார்க்கம் தடுக்கல. நான் கலக்குறேன்."

பன்னிரண்டு பாட்டில்களையும் உள்ளே எடுத்துப்போய், துணி கட்டி, மாற்றி மாற்றி அடுக்கி, மேசையில் கொண்டுவந்து வைத்தார். உஸ்தாத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வண்டி விற்ற காலத்துத் தைரியம் கைகொடுத்தது. ஓதினார், முகர்ந்தார், காதில் வைத்தார். ஒன்றை எடுத்தார். கோஃபூர் ஊளையிட்டான். இன்னொன்றை எடுத்தார். கோஃபூர் பல்லை நறநறவென்று கடித்தான். ஆறைப் பொறுக்கித் தனியாக வைத்தார்.

"இதுலதான் இருக்கு?" என்றாள் சுவார்சி.

"இதுலதான். தளபதி இதோ, இந்த மூணாவதுல."

"மத்ததுல?"

"வெறும் பாட்டிலு."

"அல்லா மேல ஆணையா?"

உஸ்தாத் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆணையா," என்றார்.

சுவார்சி திரும்பி, "அக்கா, சொல்லு," என்றாள்.

ஜுமிரா இடுப்பில் கைவைத்து நின்றாள். "நீங்க புடிச்ச ஜின்ன எல்லாம் திங்கக்கெழமையே நான் சோப்பு போட்டுக் கழுவிட்டேன் உஸ்தாத். என்ன பாட்டில்னு எனக்குத் தெரியாது, ஊர்ல இல்ல. அந்த ஆறும் இவ கூடைக்குப் போயிருச்சு. மேடையில இருந்த ஆறும் என் வீட்டுது. காடி பாட்டிலு, சோயா பாட்டிலு. நேத்துதான் துணி கட்டி வச்சேன். இந்தப் பன்னெண்டுல எதுலயும் ஒண்ணும் கெடையாது."

இமாம் மூன்றாவது பாட்டிலின் துணியை அவிழ்த்து முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"காடி," என்றார். பாட்டிலை முன்வரிசைக்கு நீட்டினார். எழுநூறு வயதுத் தளபதியை மூக்கு மூக்காகக் கைமாற்றினார்கள்.

"செவ்வாக்கெழம நீங்க குடிச்ச கச்சோலம் இருக்கே," என்றாள் சுவார்சி, "அது நீங்களே ஜின்ன அடச்ச பாட்டில்ல ஊத்துனது. ரெண்டு கிளாஸ் குடிச்சீங்க. தளபதி தொண்டையில எறங்கினப்ப உறுமுனானா உஸ்தாத்?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பரவியது. உஸ்தாத் கையை உயர்த்தினார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சேன். என் ஈமானோட, இறைநம்பிக்கையோட பலத்துல ஜின் ஜீரணமாகி..." அதற்குமேல் அவர் குரல் கேட்கவில்லை. பின்னால் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம். வாயை இரவல் கொடுத்த கோஃபூர் காலை நம்பிப் போய்விட்டான். டோஃபு பட்டறைக்காரர் மேடையேறி, உஸ்தாத்தின் சட்டையைப் பிடித்து அன்பளிப்பைத் திருப்பிக் கேட்டார். பழைய தொழிலின் சங்கடம் புதிய தொழிலுக்கும் வந்து சேர்ந்தது.

கதை இதோடு முடிந்தால் கராங்சாரி புத்தி வந்த ஊர் என்று எழுதிவிடலாம். முடியவில்லை.

கூட்டத்தில் பாதி சுவார்சியைச் சுற்றிக்கொண்டது. இப்போது அந்தக் கண்களில் வேறு விதமான வெளிச்சம்.

"சுவார்சி, ஆறு ஜின்னயும் ஒன் ஜாமு கரச்சிருச்சு பாத்தியா?"

"ஒரு கிளாஸ் குடுக்கா, எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல விழுந்து அலறினா."

பாக் ரிஸ்மனே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அரைமணிக்கு முன்னால் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அதே வாய்.

"எம் பொண்டாட்டிக்கு மூணு மாசமாத் தூக்கமில்ல. ஒரு பாட்டில் குடும்மா. எவ்வளவு ஆனாலும் சரி."

சுவார்சி அவர்களைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளையிலிருந்து கூடை தூக்க வேண்டாம். வீட்டுவாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டும். அவள் கூடையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"ஒங்க பொண்டாட்டி தூங்காததுக்குக் காரணம் ஒங்க கொறட்ட பாக், தெருவுக்கே தெரியும். ஒம் பொண்ணுக்குக் காலையில சோறு போட்டு அனுப்பு தாயி. என் ஜாமு அரிசியும் கெழங்கும், சளிக்குக் கேக்கும். அவ்வளவுதான்."

கூட்டம் ஏமாற்றத்தோடு முணுமுணுத்தது. அவள் குரலை உயர்த்தினாள்.

"ஆறு ஜின்ன அடச்ச பாட்டில்ல குடிச்சீங்க, ஒருத்தனுக்குக்கூட வயிறு வலிக்கல. ஒரு ஆளோட பொய்ய ஒரே ஒரு தடவ கேட்டீங்க, கூடப் பொறந்தவ மாதிரி இருந்த என்ன ஊரவிட்டே தொரத்தப் பாத்தீங்க. எது ஆபத்துன்னு வீட்டுக்குப் போயி யோசிங்க. யோசிக்கிறதுக்கு யாருக்கும் அன்பளிப்பு தர வேண்டாம்."